வெடியுப்பில் போட்ட கோடு

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் ஊர்க் கால்பந்து கிளப்பின் கேப்டன். ஆண்டு விழா மலருக்காகக் கிளப்பின் பழைய கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார். பெரியவர் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

"மொத மேட்ச்ல சுண்ணாம்பு கெடைக்கல. வெடியுப்பத் தூவிக் கோடு போட்டோம்லே."

"வெடியுப்பா? வெளையாடாதீக மாமா."

"ரெண்டும் வெள்ளதானே. கோல் விழுந்ததும் ஒருத்தன் சரவெடியக் கொளுத்திப் போட்டான். காஞ்ச புல்லு வேற. கோடு போன பக்கமெல்லாம் தீ ஓடுச்சு. கீப்பர் உங்கப்பன் கோல் பாக்ஸுக்குள்ள மாட்டிக்கிட்டான்."

இளையவர் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப அப்பா காலு வெந்தது பட்டாசுக் கம்பெனியில இல்லையா?"

"இல்லலே. உப்ப அங்கருந்து கொண்டாந்ததே அவன்தான்."

"அடப்பாவிகளா! அம்மா இன்னிக்கும் கம்பெனி வேனப் பாத்தாத் திட்டுது. என்னைய அந்தப் பக்கமே விடல. ஏன் மாமா மறைச்சீக?"

"நெசத்தச் சொல்லியிருந்தா உங்கம்மா அவன மறுபடி ஆட விட்டிருக்குமா? உன்னையத்தான் பந்தத் தொட விட்டிருக்குமா?"

"நான் இன்னிக்கே அம்மாகிட்டச் சொல்லப்போறேன்."

"சொல்லுலே. ஞாயித்துக்கெழம உனக்கு மேட்ச் இருக்குல்ல, அது முடிஞ்சு சொல்லு."