வேலை சுத்தம்

அந்த ஜன்னல் சட்டம் சுவரில் சரியாக உட்காரவில்லை சார். இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் இழுத்துவிட்டிருக்கிறார்கள். தினமும் இந்த நாற்காலியில்தான் உட்காருகிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். மழை பெய்து சுவர் ஊறும்போது, ஒருத்தன் அன்றைக்கே சொன்னானே என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எனக்கு இது தொழிலில் வந்த பழக்கம். பாட்டில் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் இருந்தேன். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். விரிசல் இருப்பதை எடுத்துக் கூடையில் போட வேண்டும். நல்ல பாட்டில் என்று நினைத்துப் பார்த்தால் விரிசல் கண்ணில் படாது. வருகிற ஒவ்வொன்றும் உடைசல் என்று வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். நான் அப்படித்தான் பார்த்தேன். ஒருநாள் சூப்பர்வைசர் என் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக் காட்டினார். ஒன்றும் ஒழுகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். யாருக்கும் பொறுமை இல்லை. நானாகத்தான் வேலையை விட்டேன். அனுப்பிவிட்டார்கள் என்று அக்கா வெளியே சொல்வாள். அது அவள் புரிந்துகொண்ட விதம்.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கு நான்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். யார் வருவதையும் நான் தடுத்ததில்லை. வந்தவர்களைப் பற்றி விசாரித்தேன், அவ்வளவுதான். விசாரித்தால் ஏதாவது அகப்படத்தான் செய்யும்.

வீட்டைச் சரிசெய்யலாம் என்று சொன்னது அவள்தான். கீழே குளியலறை பழசாகி நாறியது. மாடியில் பாதியில் நின்றுபோன அறையை முடித்து, பால்கனிக்குக் கைப்பிடிக் கம்பி போட்டு எனக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். வேலையை விட்ட பிறகும் எனக்குப் பகல் தூக்கம்தான். "பகல்ல தூங்கறவனுக்கு மேலதான் சரி. காத்து வரும், சத்தம் இருக்காது. இறங்கி வந்து சாப்பிட்டுட்டுப் போ." தம்பி மேல் அக்கறை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியை அவள்தான் பிடித்து வந்தாள். மருத்துவமனையில் தரை போட்டவராம். பெரிய உடம்பு, மெதுவான நடை, மனைவியை இழந்தவர். முதல் நாளே என்னைத் தம்பி என்றார். எந்த வேலையை முடித்தாலும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரில் அந்த வேலையின் மேல் தன் முழு உடம்பையும் போட்டுக் காட்டுவார். சமையலறை மேடையைக் கட்டி முடித்தபோது அதன் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பரண் பலகையில் இரண்டு கையாலும் தொங்கினார். "இந்த உடம்புதாங்க என் கேரண்டி கார்டு. தாங்கலைன்னா முதல்ல அடிபடறது நான்தானே."

அக்கா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

முதல் குறை குளியலறையில் வந்தது. தரை போட்டு முடிந்ததும் நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். பாதித் தண்ணீர் வடிகால் துளைக்குப் போகாமல் மூலையில் தேங்கி நின்றது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து, ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டார்.

"தப்புதான் தம்பி. தண்ணி ஓட வாட்டம் சரியா வரல. உடைச்சிட்டு வேற போட்டுடறேன்."

அவ்வளவுதான். சாக்கு சொல்லவில்லை, பழியை ஆள் மேல் போடவில்லை. மறுநாள் காலையில் அவரே சுத்தியலை எடுத்து மொத்தத் தரையையும் உடைத்து, ஓடுகளை வெளியே பால்கனிக்குக் கீழே குவித்துவிட்டு, புதிதாகப் போட்டார். இந்த முறை தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் ஓடியது.

அக்கா அதோடு மறந்துவிட்டாள். நான் அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். ஒரு தப்பை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவன், வேறெங்கோ ஒரு பெரிய தப்பை மறைத்திருக்கிறான். சின்னதைக் கையில் கொடுத்துப் பெரியதிலிருந்து நம் பார்வையைத் திருப்புகிறான். நீங்கள் இருக்கும் தொழிலுக்கு இது புதிதாக இருக்காது.

அதற்குப் பிறகு நான் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு ஓடு ஓடாகத் தட்ட வேண்டும். பின்னால் சிமெண்ட் நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். வெற்றிடம் இருந்தால் பொள்ளலாக வரும். எனக்குப் பொள்ளலாகக் கேட்டதையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். வட்டங்கள் கூடுதலாகத்தான் இருந்தன. மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"தம்பி, இது சுவரா, அம்மை போட்ட முகமா?"

பிறகு என்னையே ஓர் ஓட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைப் பெயர்த்துக் காட்டினார். பின்னால் மூலைவரைக்கும் சிமெண்ட் நிறைந்திருந்தது. இன்னொன்றையும் பெயர்க்கச் சொன்னேன். அதிலும் அப்படித்தான். அந்த நேரம் பார்த்து அக்கா வேலையிலிருந்து திரும்பி வந்தாள். "சுவத்தைத் தட்டுனது போதும். உன் மண்டையில ஒரு தட்டு தட்டிப் பாரு. பொள்ளல் எங்கன்னு தெரியும்." ஓடு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். மேஸ்திரி துண்டால் வாயை மூடிக்கொண்டார். கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். சரியாக ஒட்டியிருந்த இரண்டு ஓடுகளாகப் பார்த்து நான் தேர்ந்தெடுத்துவிட்டேன், அதுதான் நடந்தது.

பால்கனிக் கம்பி கடைசி வேலை. வெல்டர் ஒருவர் வந்து மாட்டினார். கம்பியைத் தாங்க மூன்று கால்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓர் இரும்புத் தகடு, தரையில் பதித்த நான்கு போல்ட்டுகள் அந்தத் தகட்டின் வழியாக மேலே வரும், அவற்றில் நட்டு போட்டு முறுக்கியிருந்தார்கள். பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று கிண்ணம் மாதிரி ஒரு மூடியைத் தகட்டின் மேல் கவிழ்த்திருந்தார்கள். அந்த மூடிதான் எனக்கு உறுத்தியது. ஒன்றை மூடுகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் மூட மாட்டார்கள்.

மதியம் ஆட்கள் சாப்பிடப் போனதும் மூடிகளைத் தூக்கிப் பார்த்தேன். எல்லா நட்டும் இருந்தன. ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன்; அசையாத இறுக்கம். ஏமாற்றமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நம்பிக்கை வரவில்லை என்று சொல்வேன். ஒரு வேலை எல்லாம் சரியாக இருக்கும்போது நிற்பதில் என்ன அதிசயம் இருக்கிறது? கொஞ்சம் குறைத்துவிட்டுப் பார்த்தால்தானே அதன் யோக்கியதை தெரியும்.

ஒவ்வொரு காலிலும் ஒரு நட்டைக் கழற்றினேன். சிரமமாகத்தான் இருந்தது, கை தோல் உரிந்தது. மூடியைக் கவிழ்த்துவிட்டு, கம்பியில் என் முழுப் பாரத்தையும் சாய்த்தேன். தாங்கியது. அடுத்த நாள் இன்னொன்று. சாய்ந்தேன், தாங்கியது. ஒரு முனகல்கூட இல்லை. பாட்டிலில் விரிசல் தெரியவில்லை என்றால் பாட்டில் நல்லது என்று அர்த்தம் இல்லை, வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

இதற்கு நடுவில் ஒருநாள் 'தம்பி' போய் 'மச்சான்' வந்தது. மேஸ்திரி மாடிப்படியில் வழிவிடச் சொல்லி, "கொஞ்சம் ஒதுங்குங்க மச்சான்" என்றார். பேச்சுவாக்கில் வந்த வார்த்தை என்று எடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் மாடியில் படுத்திருந்தேன். கீழே சமையலறையில் அக்காவும் மேஸ்திரியும் பேசுவது புது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப வேண்டாம். பால்கனி வேலை முடியட்டும். அவன்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

"சொன்னா என்னையும் தட்டிப் பாப்பாரா?"

"உங்களைத் தட்டுனா கெட்டியாத்தான் சத்தம் வரும், இந்த உடம்புக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொல்லப் போகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. மறுநாள் மதியம், மூன்று கால்களிலும் மிச்சமிருந்த நட்டுகளைக் கழற்றினேன். இரண்டையும் நீங்கள் ஒன்றாக முடிச்சுப் போடுவீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சோதனையின் வரிசைப்படி அடுத்து அதுதான் வர வேண்டும்.

என் அலமாரியில் பழைய காலுறைக்குள் நீங்கள் கண்டெடுத்தவை அந்த நட்டுகள்தான். ஒன்றுகூடக் குறையாது. துடைத்துத்தான் வைத்திருந்தேன்.

அன்று சாய்ந்து பார்த்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அன்று மட்டும் நான் சாய்ந்து பார்க்கவில்லை. வேலையைச் செய்தவர்தான் அதன் மேல் உடம்பைப் போட்டுக் காட்ட வேண்டும். அது அவர் வைத்த வழக்கம், நான் வைத்தது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி வேலையை ஒப்படைக்க வந்தார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார். வேலையை ஒப்படைக்க எதற்கு அந்தச் சட்டை என்று நான் கேட்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, பால்கனிக் கம்பி ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை.

"ஆடுதா? ஆடாத கம்பியையும் நீங்க முறைச்சுப் பாத்தே ஆட்டிடுவீங்க மச்சான். வாங்க, பாத்துடலாம்."

மூன்று பேரும் மேலே போனோம். பால்கனி சின்னது. நான் கம்பிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றேன். மேஸ்திரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படித் தொட்டு நிறுத்துவதில்லை.

"இருங்க. உங்களை இவன் என்னைக்கு நம்பியிருக்கான்? இன்னைக்கு நான் சாயறேன். என்னையாவது நம்பட்டும்."

"நீ எதுக்கும்மா? கேரண்டி கார்டு நான்தானே."

"கார்டுல என் பேரையும் சேத்துக்கோங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். முதுகைக் கம்பிக்குக் காட்டி நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "பாத்துக்கடா. நல்லாப் பாத்துக்க. இதுக்கப்புறம் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்த இடத்தில் எனக்கு நேரம் இருந்தது. மறைக்க வேண்டிய அவசியம் இல்லை சார். அவள் பேசி முடிக்கும்வரை நேரம் இருந்தது. கையை நீட்டினால் அவள் தோளைத் தொட்டிருக்கலாம். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு மேஸ்திரியின் வேலையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், என்னைப் பற்றித்தான் பேசுவார்கள். இத்தனை நாள் பார்த்தது வீணாகிவிடும். அதோடு, ஒரு நட்டுகூட இல்லாமலேயே அது தாங்கிவிடுமோ என்று ஒரு பக்கம் தோன்றியது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நிறுத்த மனம் வரவில்லை.

அவள் சாய்ந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சாய்ந்தாள்.

தாங்கவில்லை.

கீழே மண் தரைதான். மண்ணில் விழுந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று உங்கள் டாக்டரே சொன்னாராம். குளியலறையில் உடைத்த ஓடுகள் அங்கேயே குவிந்து கிடந்தன. அள்ளிவிடுங்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அள்ளவில்லை. கேட்டால் அதையும் ஒப்புக்கொள்வார்.

அவர் பக்கத்து அறையில் இருக்கிறார் என்று தெரியும். சத்தம் கேட்கிறது. 'என் வேலைதான் சார், தப்பு என்னுதுதான், நான்தான் சரியாப் பாக்கல' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தப்பை ஒப்புக்கொள்வது அவருக்கு எவ்வளவு சுலபம் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? நட்டுகளைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள். கழற்றியது நான்தான், எல்லாவற்றையும் நான்தான். யாருக்காகக் கழற்றினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் ஒன்றை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கம்பி சாயும்போது அவர் பாய்ந்து போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். பாதி உடம்பு வெளியே தொங்க, அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு கை வழுக்கிவிட்டது. நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்று, நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் சார். அந்தப் பிடியிலும் வேலை சுத்தமில்லை.