உளுந்து காயும் கரையில் கார் எதற்கு?

நெல்லித்தாங்கல் ஏரியின் நீரை நெடுங்காலமாக நேர்மையோடு பங்கிட்டு வருபவரும், இந்தக் கூட்டத்தின் தலைவருமான பெரியவர் வீரராகவன் அவர்களே! மேடையில் நாற்காலி காத்திருக்க, "நாங்க கீழயே குந்திக்கிறோம்" என்று மண்ணில் அமர்ந்து அந்த மண்ணுக்கே மரியாதை செய்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு வந்து, ஒரு காதை இங்கேயும் ஒரு காதை அங்கேயும் வைத்திருக்கும் அருமைத் தாய்மார்களே! கொரட்டூரிலிருந்தும் மேனாம்பேட்டிலிருந்தும் கோவில்பதாகையிலிருந்தும் சைக்கிள் மிதித்தே வந்து, முதுகில் வியர்வை காயாமல் நிற்கும் என் தோழர்களே, தோழியர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ஞானசேகரனின் எளிய வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள் ஐயா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்து மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது. ஆலை வாசலில் நின்று முழங்கிய குரல், பணி ஓய்வு பெற்றும் ஓயவில்லை. "இங்கயாவது கத்தாம பேசு" என்று என் மனைவி சரசா முதல் வரிசையில் இருந்து கண்ணைக் காட்டுகிறார். முயல்கிறேன், முடியுமா என்று தெரியவில்லை.

நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? அதோ, நமக்குப் பின்னால் நீண்டு கிடக்கிறதே ஏரிக்கரைப் பாதை, அதற்காகக் கூடியிருக்கிறோம். அந்தப் பாதையில் இனிமேல் கார் போகலாமா, கூடாதா? இரு முனையிலும் கல் நட்டுத் தடுப்பதா, திறந்தே விடுவதா? இன்று மாலை இந்த ஊர் கை தூக்கிச் சொல்லப்போகும் முடிவு அதுதான். கூடாது என்று பேச வந்தவன் நான். அதை ஒளித்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

"எங்க ஊர்க் கரைக்கு நீ யாருப்பா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள். மற்ற நாளெல்லாம் எங்களைத் திருவள்ளூர் போகும் சி.டி.எச். சாலையில் பார்க்கலாம். பேருந்தின் புகை முகத்தில், லாரியின் ஹாரன் முதுகில், பொறுமை மட்டும் எங்கோ பாடி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கத்தில்! அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவனை மனிதனாகவா மதிக்கிறார்கள்? மாடு குறுக்கே வந்தால் பிரேக் போடுகிறவர்கள்கூட எங்களைக் கண்டால் ஹாரன்தான் அடிக்கிறார்கள். சிரிக்கிறீர்கள். ஓட்டிப் பாருங்கள், அழுவீர்கள்.

அதனால்தான் ஞாயிறு விடிந்ததும் கிளம்பிவிடுகிறோம். கொரட்டூர் ஏரியில் கொக்குகளைக் கண்டு, திருமுல்லைவாயில் கோயிலில் எருக்கந்தூண் என்று ஊரார் சொல்லும் தூண்களைத் தொட்டுக் கும்பிட்டு, கோவில்பதாகை தாண்டி, உங்கள் கரையில் ஏறி, திருநின்றவூர்க் கோபுரம் கண்ணில் படும்வரை மிதிக்கிறோம். வழி நெடுக வரலாறு! வரப்பெல்லாம் வாசனை! சக்கரத்தின் சத்தம் நமக்கே கேட்கிறதே, அந்தச் சுகம் பெருஞ்சாலையில் கிடைக்குமா? பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகலாமே, அது கிடைக்குமா? பயமில்லாமல் மூச்சு விடலாமே, அது கிடைக்குமா?

பயம் என்றேன். அந்தச் சொல்லை வசந்தாவிடமிருந்து கடன் வாங்கிச் சொல்கிறேன். வசந்தா, எழுந்திரம்மா. வெட்கப்படாதே. திருநெல்வேலிப் பெண், அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு லாரி இவருடைய சைக்கிளை உரசித் தள்ளிவிட்டுப் போனது. கை எலும்பு கூடிவிட்டது, மனம் கூடவில்லை. அதற்குப் பிறகு சாலையைக் கடப்பதற்கே அடுத்தவர் கையைப் பிடித்துக்கொள்கிற நிலை. அந்தப் பெண் மறுபடியும் சைக்கிளில் ஏறியது எங்கே தெரியுமா? உங்கள் கரையில். பின்னால் வண்டி வருமோ என்று திரும்பிப் பார்க்காமல் இவர் ஓட்டுவதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம் உங்கள் கரை. நன்றி அம்மா, உட்கார்.

இனிதான் கதை. கரையடியில் பயிர் செய்யும் அன்னம்மாள் அவர்களே, உங்கள் கதைதான். முந்தானையால் முகத்தை மூடினால் விட்டுவிடுவேனா?

போன ஆண்டு பங்குனியில் நாங்கள் முதன்முதலாக இந்தக் கரையில் ஏறியபோது, பாதை முழுக்க உளுந்தஞ்செடி பரப்பிக் கிடந்தது. பிடுங்கி, காயவைத்து, நெற்றோடு பாய் விரித்தது போலக் கிடந்தது. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? தின்கிற பொருள் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள். இதன் மேல் சக்கரம் ஏற்றுவார்களா? எல்லோரும் இறங்கினார்கள். சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். உளுந்தில் ஒரு காம்புகூடக் கசங்காமல், கரையின் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். "எவ்வளவு பண்பாட்டோடு நடந்துகொண்டோம்!" என்று எங்களுக்கே எங்கள் மேல் பெருமை.

அந்த ஓரத்தில்தான் அன்னம்மாளின் சுரைக்கொடி படர்ந்திருந்தது! பூவும் பிஞ்சுமாக நின்ற கொடியை எங்கள் பண்பாடு மிதித்து நாசமாக்கியது! அடுத்த ஞாயிறும் அதே பண்பாடு, அதே நாசம். அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் வந்தால், பாதைக்குக் குறுக்கே வேலிக்காத்தான் முள். முள்ளுக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்தபடி அன்னம்மாள்!

அன்று அவர் கேட்டதை அவர் வாய்மொழியிலேயே சொல்கிறேன், அப்போதுதான் அதற்கு அழகு. "இன்னாத்துக்கு இப்டி எறங்கி எறங்கி போறீங்கோ? எங்க உளுந்து மேல பட்டா உங்க சைக்கிளு அழுக்காயிடுமா? அம்மாம் பெரிய மனுசங்களா நீங்கோ? போற போக்குல என் கொடிய வேற துவம்சம் பண்ணிகினு போறீங்கோ!"

முன்னால் போய்ப் பேசியவர் இந்த வசந்தாதான். "ஐயோ அக்கா, அழுக்குன்னு இல்லக்கா! சாப்புடுத பொருளுல்லா? அது மேல எப்படிக்கா சைக்கிள ஏத்த? பாவம்லா?"

அன்னம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோனது! "அடிப் பைத்தியக்காரி! நீங்கோ ஏறி மிதிக்கோணும்னுதானே வழியில போட்டுகீறேன்! சக்கரம் ஏறுனாதாண்டி நெத்து ஒடையும்! ஏறு, ஏறி மிதி!"

அன்புடையீர்! நாங்கள் மதித்து ஒதுங்கினோம், அவர்கள் அதை ஒதுக்குவதாக எண்ணினார்கள். அவர்கள் கோபத்தில் முள் போட்டார்கள், நாங்கள் அதை விரட்டுவதாக எண்ணினோம். இரண்டு பக்கமும் நல்ல மனம்தான். நடுவில் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லாமல் போனதுதான் குறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்து வந்தவருக்கும் இந்த மண்ணில் பிறந்தவருக்கும் நடுவில் கிடந்தது வெறும் முள். அதை அன்னம்மாள் ஒரு குச்சியால் இழுத்து ஓரத்தில் போட்டார். அவ்வளவுதான், தீர்ந்தது.

அப்புறம் ஏறினோம் ஐயா! முதலில் வசந்தா, பின்னால் நாங்கள். சக்கரத்துக்கு அடியில் நெற்று வெடிக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களே, படபடபடவென்று! போனோம், திரும்பினோம், போனோம், திரும்பினோம். கீழே உளுந்து உதிர்கிறது, மேலே இந்தப் பெண்ணின் பயம் உதிர்கிறது. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது. தூசி விழுந்துவிட்டது என்று அன்று சரசாவிடம் சொன்னேன். பொய், தூசி இல்லை.

அன்று முதல் அது வழக்கமாயிற்று. அவர்கள் சனிக்கிழமை பரப்புவார்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மிதிப்போம். உளுந்து போய்க் கொள்ளு, கொள்ளு போய்க் கேழ்வரகு. மிதித்து முடித்தால் சுரைக்காய்க் கூட்டும் சோறும்! நாங்கள் மிதித்தும் மறுபடி தழைத்த அதே கொடியின் காய்!

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். ஊர்ச் சாலையில் நெரிசல் என்றால், கையில் இருக்கிற போன் வேறு வழி காட்டுகிறது. இந்தக் கரையையும் காட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு கார் வந்தது, பின்னால் ஒன்பது வந்தன. இந்த ஆண்டு அறுவடையில், அன்னம்மாள் உளுந்தின் நடுவே உட்கார்ந்து முறத்தால் புடைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கார் வருகிறது. என்ன வேகம்! காய்ந்த செடி மேல் பிரேக் பிடிக்குமா? வழுக்கிக்கொண்டே வருகிறது. அந்த அம்மா முறத்தைப் போட்டுவிட்டுச் சரிவில் உருண்டார். உருண்டதால் பிழைத்தார். முறம் பிழைக்கவில்லை.

காரில் இருந்தவர் இறங்கி, "அடிபட்டதா அம்மா?" என்றா கேட்டார்? "ரோட்டுல குப்பையைக் கொட்டி வச்சிருக்கியே, அறிவில்ல?" என்று கேட்டார். குப்பையா? உன் காலை இட்லி குப்பையா? உன் வீட்டு வடை குப்பையா? விதைத்தவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வேகத்தை ஏற்றிய உனக்கு அறிவைப் பற்றிப் பேச அருகதை உண்டா? மன்னியுங்கள், கத்திவிட்டேன். சரசா, இதற்குக் கத்தாமல் வேறு எதற்குக் கத்துவது?

அங்கே ஒருவர் கை தூக்குகிறார். சொல்லுங்கள் செல்வகுமார். கால் டாக்ஸி ஓட்டுகிற உங்கள் ஊர்ப் பிள்ளை, அவர் பேசுவதைக் கேட்போம். "அண்ணாத்தே, நீ சொல்றதெல்லாம் ஓகே. நான் நாளெல்லாம் டிராபிக்ல செத்துகினு கீறேன். இந்தக் கர ஒண்ணுதான் எனுக்கு சீக்கிரமா ஊட்டுக்கு வர வழி. அதையும் அடச்சுட்டா இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. இவரைப் பார்த்துக் கோபப்பட என்னால் முடியாது. பிள்ளை விழித்திருக்கும்போதே வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை? தம்பி, உங்கள் வீட்டுக்குத் தெருவழி அப்படியே இருக்கும், அதை யாரும் தொடப்போவதில்லை. கொஞ்சம் சுற்று, உண்மைதான். அந்தச் சுற்று உங்களுக்குப் பாரம், அதுவும் உண்மைதான். ஆனால் உங்களுக்காகத் திறந்தால், உங்களை மட்டுமா இந்தக் கரை விடும்? நீங்கள் உளுந்தைக் கண்டால் மெதுவாகப் போவீர்கள். போனில் வழி பார்த்து வருகிறவன் போவானா? அன்று சரிவில் உருண்டவர் உங்களுக்கு அத்தை முறை இல்லையா? தலையை ஆட்டுகிறீர்கள். முழுச் சம்மதம் இல்லை என்று முகம் சொல்கிறது. பரவாயில்லை, யோசியுங்கள்.

"டிராக்டரு எப்டி போவும்?" என்று அங்கே ஒரு குரல். அருமை! அதையும் தலைவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோம். இரு ஓரத்திலும் கல், நடுவில் ஒரு இரும்புக் கம்பம். கம்பத்துக்குப் பூட்டு. டிராக்டர் வந்தால் திறக்கலாம், ஆம்புலன்ஸ் வந்தால் திறக்கலாம். சாவி யாரிடம்? அதற்கு வருகிறேன்.

உங்கள் மதகின் பக்கவாட்டில் ஒரு கல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதில் துணி துவைத்தும் இருப்பீர்கள். எங்கள் குழுவில் கல்லெழுத்துப் படிக்கத் தெரிந்த கனிமொழி, அதைக் கழுவி, வெளிச்சம் சாய்வாக விழுகிற காலை நேரத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னார். ஏரியை வெட்டியவன் பெயர் தேய்ந்துவிட்டது. ஊர்க் கணக்கும் தேய்ந்துவிட்டது. கடைசி வரி மட்டும் நிற்கிறது. என்ன வரி தெரியுமா? "இந்த அறத்தைக் காத்தவன் பாதம் என் தலை மேல்."

கேட்டீர்களா? கால் பட்டால் பாவம் என்று பதறினோமே நாங்கள்! கல் என்ன சொல்கிறது? காப்பாற்றுகிறவன் காலை என் தலையில் வை என்கிறது! கரையைக் கட்டியவன் கும்பிட்டது எந்தக் காலை? பல்லக்கில் போன காலையா? இந்த மண்ணை மிதித்து மிதித்துக் கரையாக்கிய காலை! களிமண்ணில் புதைந்த காலை! உளுந்து விதைக்க நடந்த காலை! அன்று சரிவில் உருண்டதே, அந்தக் காலை! பெயர் தெரியாத அந்தப் பழைய மனிதன் தலை மேல் தாங்கிய காலை, நேற்று வந்த ஒரு கார் உடைத்துவிட்டுப் போக நாம் விடலாமா? விடலாமா?

விடக் கூடாது என்று சொன்னீர்கள். சத்தமாகச் சொன்னீர்கள். தலைவர் அனுமதியோடு கேட்கிறேன், கரையில் கல் நடச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். ஆகா! தாய்மார்கள் பக்கம் ஒரு வயலே எழுந்து நிற்கிறது! பெரியவர்கள் பக்கமும் நிறைய. செல்வகுமார்... கை தூக்கவில்லை, ஆனால் மடக்கியும் வைக்கவில்லை, அரைக் கை. அந்த அரைக் கைக்கு என் முழு நன்றி. இதோ, தலைவர் எழுந்து "நிறைவேறியது" என்கிறார்!

கம்பத்தின் சாவி கரையடியில் வீடு இருக்கிற அன்னம்மாளிடம் இருக்கட்டும் என்று முன்மொழிகிறேன். அன்று முள் போட்ட கைக்கே பூட்டும் பொருத்தம். கைதட்டுகிறீர்கள், ஆனால் ஒரே ஒருவர் கையைத் தூக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. அன்னம்மாள் அவர்களே! ஊரே தூக்கியிருக்கிறது, உங்கள் கை எங்கே? மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"கை கெடக்குது நைனா, சாவிய வாங்கிக்கிறேன். இப்டியே பேசிகினு இருந்தா எப்டி? செடி நல்லா காஞ்சி கீது, மேக்கால மேகம் வேற கட்டுது. நாளைக்கி காலையில எத்தினி பேரு வர்றீங்கோ, அத்தச் சொல்லு!"

இதற்கு மேல் நான் என்ன பேச? தோழர்களே, தோழியர்களே, பதில் சொல்லுங்கள். எல்லோருமா? வசந்தா முதல் சைக்கிளா? அன்னம்மாள் அவர்களே, காதில் விழுந்ததா? மழைக்கு முன்னால் வந்து நிற்போம். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், உலை பொங்கியிருந்தாலும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், தலைமை தாங்கிய பெரியவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. ஏரிக்கும் கரைக்கும் அதைக் காத்த பாதங்களுக்கும் என் வணக்கம். நாளைக்கு ஏறி மிதிப்போம்!