வட்டமான மச்சம்

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவரைக் கூப்பிட்டு ஜன்னலோரம் உட்காரவைப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். உன் அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு நிமிஷம் என்றதும், தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கேமராவில் அக்காவை எடுத்த படங்கள் அத்தனையையும் அனுப்பச் சொல்லி நீ போன வாரம் போனில் கேட்டாய். அனுப்புகிறேன். அவற்றைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

கீழே ஸ்டூடியோ, மேலே வீடு என்று இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன். கையில் எத்தனையோ கேமராக்கள் வந்து போயின. இது வேறு ஜாதி. முதல் நாளே தெரிந்துவிட்டது. ஷட்டர் சத்தமே கேட்கவில்லை. படத்தைக் கணினியில் போட்டு முழு அளவுக்குப் பெரிதாக்கினால் ஒரு கண் மட்டுமே திரையை அடைத்துக்கொண்டது. கருவிழிக்குள் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கேமராவும் கையுமாக நான் தெரிந்தேன். காதுக்குப் பின்னால் ஐந்தாறு நரைமுடி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆன பிறகு அவளுக்கு நரைத்திருப்பதை ஒரு கேமரா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"ஐயோ, இது மூஞ்சியா, மழையில பேந்துபோன ரோடா? அழிங்க முதல்ல."

"டச்சப் பண்ணித் தரேன்."

"எல்லாத்தையும் எடுத்துட்டு அப்புறம் எல்லாத்தையும் அழிக்கறதுக்கா இவ்ளோ பெரிய கேமரா?"

இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. உனக்குத் தெரியாததில்லை. மூன்று வருடத்துக்கு முன் பத்து நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று உன் வீட்டுக்கு வந்தவள் நான்கு மாதம் தங்கினாள். நான் போய்க் கூப்பிடவில்லை. அவளாகத் திரும்பி வந்தாள். ஏன் போனாய் என்று நானும் கேட்கவில்லை, ஏன் கூப்பிடவில்லை என்று அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சாப்பாடு, கரண்டு பில், கதவைப் பூட்டியாச்சா, இவ்வளவுதான் பேச்சு.

கேமரா வந்ததும் அது மாறியது. காலை பத்து மணிக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம் விழும். அவளே வந்து உட்காருவாள். "இன்னிக்கு எந்தப் பக்கம் திரும்பணும் சார்?" என்று கேலி செய்வாள். எடுக்கும்போது பேசிக்கொண்டே இருப்பாள். பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான்.

ஆறாவது வாரத்தில் ஒரு நாள், இடது தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கும் மச்சம் அரிக்கிறது, சட்டையில் ஒரு பொட்டு ரத்தம் பட்டிருந்தது என்றாள். உனக்கும் போன் செய்திருந்தாள். நீ நர்ஸ், சும்மா விடுவாயா? என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். நீ சொன்னது சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"அத்தான், புதுக் கேமரால அந்த மச்சத்த நல்லா கிட்டக்க எடுத்து அனுப்புங்க. எங்க ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டறேன். ஓரம் கோணல்மாணலா இருக்கா, ஒரே கலரா இல்ல ரெண்டு மூணு கலரா, அதத்தான் பாப்பாரு. அப்படி இருந்துச்சுன்னா உடனே இங்க அனுப்பி வைங்க. எத்தன நாளானாலும் நான் வெச்சுப் பாத்துக்கறேன்."

அன்றே எடுத்தேன். அந்த லென்ஸில் எதுவும் தப்பவில்லை. ஓரம் கோணலாக, ஒரு பக்கம் கரைந்து தோலுக்குள் ஓடியிருந்தது. நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிப் பழுப்பு, கீழ் விளிம்பில் நீலம் கலந்த சாம்பல் நிறம். பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

உன் பேச்சில் எனக்குத் தங்கியது கடைசி வாக்கியம்தான். எத்தனை நாளானாலும். போன முறை அது நான்கு மாதம்.

டச்சப் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல தோலில் கொஞ்சம் எடுத்து வேண்டாத இடத்தில் பூசுவது. மச்சத்தையே அழித்திருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய், சிறு வயதிலிருந்து பார்த்தவள். அதனால் அதை விட்டுவைத்தேன். ஓரத்தை வட்டமாக்கினேன். மூன்று நிறத்தை ஒரே பழுப்பாக்கினேன். கேமராவின் கூர்மை கெடாமல், தோலின் துளைகளும் பூனைமுடியும் அப்படியே இருக்கும்படி செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறு எந்த வேலையும் செய்ததில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய்.

அவளிடமும் அந்தப் படத்தைத்தான் காட்டினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது அல்லவா.

"இந்தக் கேமராவுலயே இவ்ளோதான் தெரியுதுன்னா ஒண்ணும் இருக்காதுங்க" என்றாள். முகம் தெளிந்துவிட்டது.

மறுநாள் நீ பேசினாய். சாதாரண மச்சம், பயப்பட ஒன்றுமில்லை, வெட்டி எடுத்துப் பரிசோதிக்கக்கூடத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். பத்து மணிக்கு அவள் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள்.

ஏழு மாதம் அப்படிப் போனது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதங்கள் அவைதான். நடுவில் அரிப்பு என்று அவள் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் அந்தப் படத்தைத் திறந்து காட்டினேன். பிறகு மச்சத்தில் இருந்த புற்று பரவி அக்குளில் கட்டி வந்தது. அதைப் படத்தில் சரிசெய்ய முடியவில்லை, அவளே தொட்டுப் பார்த்துவிட்டாள். மச்சத்தைப் படம் எடுத்த பதினோராம் மாதம் போய்ச் சேர்ந்தாள்.

அன்று நீ சுவரில் தலையை இடித்துக்கொண்டு அழுதாய். "நான் பாத்தேனே அத்தான், வட்டமாத்தான இருந்துச்சு, என் கண்ணு அவிஞ்சா போச்சு?" உன் தலையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பே இல்லம்மா" என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் உண்மை அது ஒன்றுதான். எல்லோரும் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் நீ சொன்னாய். மச்சத்தைக் காட்ட அப்போது உன்னிடம் வருவதாக இருந்தால் பதினைந்து நாளுக்கு மேல் தங்க மாட்டேன், அவர் தினமும் படம் எடுக்கிறார், ஏமாந்துபோவார் என்று அக்கா சொல்லியிருந்தாளாம். அதைக் கேட்டபோது வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

நீ வேலையை விட்டுவிட்டதாக உன் வீட்டுக்காரர் நேற்று சொன்னார். நோயாளிகளைப் பார்க்கக் கை நடுங்குகிறதாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். வட்டமாக இருந்தது உன் கண்ணின் பிழை இல்லை. கோணலாக இருந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், பார்த்துவிட்டு மாற்றினேன். அசல் படத்தையும் நான் அனுப்பிய படத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறேன். எடுத்த நேரமும் திருத்திய நேரமும் அவற்றிலேயே பதிந்திருக்கும். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு. நான் எங்கும் போகமாட்டேன்.

அவள் வலியில்லாமல், என் பக்கத்தில், பயமில்லாமல் ஏழு மாதம் இருந்தாள் என்பதை மட்டும் நீ யோசித்துப் பார்க்க வேண்டும். அப்போதே வெட்டி எடுத்திருந்தால் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தழும்போடு முடிந்திருக்கும் என்று கடைசியில் பார்த்த டாக்டர் சொன்னார். தோள்பட்டையில், அதுவும் பின்பக்கம். படத்தில் அந்தத் தழும்பை அழிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.