மச்சான் கையில் கயிறு

கயிற்றை நன்றாகக் காயவைத்த பிறகுதான் சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் நாறும். கிழக்கு லண்டனில் இருக்கும் எங்கள் முக்குளிப்புக் கழகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பதினாறு வருடமாகக் குளிர்கடலில் இறங்குகிறவன் நான். ஒழுங்கு விஷயத்தில் கொஞ்சம் கறார்.

உங்கள் மொழியிலேயே எழுதுங்கள் என்று இந்தப் பொலிஸ் நிலையத்தில் தாளும் பேனாவும் தந்தீர்கள். நன்றி. என் பெயர் கஸ்பர். 1993 மே மாதம் கடலில் இறந்துபோன கிறிஸ்துராஜா, என் தங்கை இம்மாகுலேற்றின் கணவர்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் குருநகரில் சங்கு குளிக்கப் போகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பான். கூடப்பிறந்தவளின் தாலியை எவனும் அறுக்க மாட்டான் என்ற கணக்கு. லண்டனிலும் இதெல்லாம் வேண்டுமா என்று நான் சிரித்திருக்கிறேன். கிறிஸ்துராஜா கேட்க மாட்டார்.

“மச்சான் கயிறு பிடிச்சா நான் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவன்” என்பார்.

அவர் இறந்ததற்கு முந்திய வருடம், நாற்பது மீற்றர் ஆழத்தில், எனக்கு மூச்சு முட்டியது. காற்று இருந்தது. பயம்தான். வாய்க்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். கிறிஸ்துராஜா தன் குழாயை என் வாயில் திணித்து என்னை மேலே கொண்டுவந்தார். படகில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அதன்பிறகு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் திரும்பிப் பார்த்து, சுகமா என்று கையால் கேட்பார். தங்கை எனக்கொரு கம்பளித் தொப்பி பின்னித் தந்தாள். அவளிடம் சொல்லிவிட்டார், இரக்கப்பட்டுப் பின்னியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சோறு போடும்போது முகத்தைப் பார்க்கக் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அந்த மே மாதம் நாங்கள் இருவரும் ஆங்கிலக் கால்வாயில், நாற்பத்தெட்டு மீற்றரில் கிடந்த ஒரு சரக்குக் கப்பலுக்கு இறங்கினோம். தண்ணீர் ஒன்பது பாகை. விரல்கள் மரத்துப்போகும் குளிர். நான் சரக்கறை வாசலில் கயிற்றைப் பிடித்து நின்றேன். அவர் மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே சேறு கலங்கிவிட்டால் வெளியே வர அந்தக் கயிறு ஒன்றுதான் வழி. மூன்று தரம் இழுத்தால், எனக்கு வழி தெரியவில்லை, இறுக்கிப் பிடி என்று அர்த்தம்.

துருப்பிடித்த இரும்பில் உராய்ந்து கயிறு அறுந்தது என்று அன்று சொன்னேன். விசாரித்தவர்கள் விபத்து என்று எழுதினார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி ஆறுதலும் சொன்னார்.

ஐந்து வருடம் கழித்து, போன ஞாயிறு, பூசை முடிந்து தங்கை வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டே? அவர் கயித்தை இழுத்தவரோ?”

“இல்லை. இழுக்கேல்லை.”

“அப்ப பயப்பிடாமல்தான் போயிருப்பார்” என்றாள். “உங்களுக்குப் பயமெண்டா என்னெண்டே தெரியாது எண்டு எப்பவும் சொல்லுவார். நீங்கள் நிக்கேக்கை அவருக்கு ஒண்டும் நடக்காது எண்டுதான் நானும் இருந்தனான்.”

அவர் அவளிடம் சொல்லவே இல்லை. தொப்பியை அவள் குளிருக்காகத்தான் பின்னியிருக்கிறாள்.

இழுத்தார். மூன்று தரம் இழுத்தார். பதறாமல், நான் பிடித்திருக்கிறேன் என்ற நம்பிக்கையோடு இழுத்தார். மூன்றாவது இழுப்புக்குப் பிறகு கத்தியால் வெட்டினேன். வெட்டிய நுனியைத் துருவில் தேய்த்துப் பிசிறாக்கினேன். மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்தேன். அன்று மட்டும் ஈரத்தோடு சுருட்டினேன்.

இதை இம்மாகுலேற்றுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.