கைப்பிடிக்குச் சிக்காத முடி

இன்னும் ஒட்ட வெட்டுங்கக்கா. இது பத்தாதுங்க, கழுத்து முழுசாத் தெரியோணும். கொஞ்சம் நீளமா இருந்தாலும் கிரவுண்டுல நிக்க வெச்சு அவங்களே வெட்டி உட்டுருவாங்களாமா. அதுக்கு நாமளே லட்சணமா வெட்டிட்டுப் போயிரலாமில்லங்க. ஆமாங்க, போலீசுக்குத்தான். நாளைக்குக் காலைல ட்ரெய்னிங் ஸ்கூல் கேட்டுக்குள்ள நிக்கோணும். டிரங்குப் பெட்டி, பக்கெட்டு, வெள்ளை கேன்வாஸ் சூ எல்லாம் வாங்கியாச்சுங்க. இந்த முடி ஒண்ணுதான் பாக்கி.

அட, எனக்கென்னங்க வருத்தம்? பாக்கற பொம்பளைங்க எல்லாம் ஐயோ முடியவான்னு நெஞ்சுல கைய வெக்கறாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வருது.

அந்த ஆணியில தொங்குதே, அது சவுரிங்களா? கல்யாணப் பொண்ணுங்களுக்கு வெச்சு உடறதாட்ட இருக்குது. அடேங்கப்பா, என்ன நீளம்! நடுவுல செம்பட்டையா ஒரு கோடு வேற ஓடுதுங்க. இல்லீங்க, எடுக்க வேண்டாம், சும்மா கேட்டேன். நீங்க வெட்டுங்க.

கொழந்தை ஒண்ணுதானுங்க. அனுப்பிரியா. எல்கேஜி போறா. ட்ரெய்னிங் முடியற வரைக்கும் அவிநாசியில எங்கம்மா பாத்துக்கறாங்க. நேத்து மடியில படுத்துட்டு, அம்மா நீ போலீசாயிட்டா முதல்ல யார அடிப்பேன்னு கேக்கறா. எல்கேஜி புள்ள கேக்கற கேள்வியப் பாருங்க! யாரயும் அடிக்க மாட்டேன் கண்ணுன்னு சொன்னேன். அவளுக்கு ஒப்பல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

ஆனா நெசத்துக்குமே நான் இப்ப யாரயும் அடிக்கக் கூடாதுங்கக்கா. நாளைக்கு உள்ள போற வரைக்கும் எம்மேல ஒரு கேஸு, ஒரு கம்ப்ளெய்ண்டு வந்துரக் கூடாது. வந்துச்சுன்னா வேலை போச்சு. பஸ்ல ஒருத்தன் பூட்ஸ் காலோட என்ற காலை மிதிச்சான். மன்னிச்சுக்கோங்கண்ணான்னு நான் சொல்றேன்! அவனே பயந்துட்டான்.

பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தேனுங்க. படிச்சது ஊரு ஸ்கூல்லதான். போலீசு செலக்சன்ல ஓடோணும், பந்து எறியோணும், அதெல்லாம் யாருங்க சொல்லித் தருவாங்க? சாயங்காலம் கம்பெனி வேன உட்டுட்டு, அது பொறகாலயே ஓடுவேன். டிரைவர் மகுடேஸ்வரண்ணன் கண்ணாடியில பாத்துட்டு, ஏம்புள்ள, வண்டி நின்னு போச்சுன்னா நீயே தள்ளிருவியாட்ட இருக்குதேன்னு கத்துவாரு. பந்து எறியறதுக்கு கட்டிங் வேஸ்ட்டுத் துணியச் சுருட்டி, உள்ள ஒரு கல்ல வெச்சு, நூலுல இறுக்கிக் கட்டி எறிவேன். ஒரு நா அது மேனேஜர் காரு கண்ணாடியில போயி... சிரிங்க, சிரிங்க! ஏனுங்க, வாயத் தொறந்து சிரிக்க முடியலீங்களா? பல்லு வலியா? செரி செரி.

அங்க மட்டும் மெதுவா சீவுங்கக்கா. ஆமாங்க, உச்சிக்குப் பக்கத்துல சொட்டைதான். இனி அங்க மொளைக்காதுங்க, தோலோட வந்துருச்சு. கம்பெனியில கேட்டவங்களுக்கெல்லாம் ஓவர்லாக் மிசின் மோட்டார்ல முடி சிக்கிருச்சுன்னு சொல்லிட்டேன். திருப்பூர்ல இந்தப் பொய்ய யாருங்க சந்தேகப்படுவாங்க? சூப்பர்வைசரு அடுத்த நாளே லைன்ல இருக்கற பொண்ணுங்க எல்லாருக்கும் தொப்பி வாங்கிப் போட்டுட்டாரு. என்ற ஒரு பொய்யால அத்தனை பேருக்கும் தலை வேர்த்துச்சு, பாவம்.

மிசின் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரரு. இப்ப ஊட்டுக்காரரு இல்ல, கோர்ட்டுல தீந்துருச்சு. பேரு கேக்காதீங்க, நான் சொல்றதில்ல. எங்க பக்கம் புருசன் பேரச் சொல்ல மாட்டோமில்லங்க. ஆளு போயும் அந்தப் பழக்கம் மட்டும் போகலீங்க. நாக்குல வர மாட்டேங்குது.

கட்டிங் மாஸ்டருங்க. துணிய அடுக்கி வெச்சு மிசின்ல அறுக்கறப்ப கை போயிரக் கூடாதுன்னு, துணி புடிக்கற எடது கைக்கு இரும்பு வளையத்துல பின்னின உறை மாட்டுவாங்க. சல்லடையாட்ட இருக்கும். கை அடிபடாம இருக்கறதுக்குக் கம்பெனி குடுத்தது. இவரு அத ஊட்டுக்குக் கொண்டாந்து அடிக்கறதுக்கு மாட்டிக்குவாரு. மாட்டறப்ப சில்லு சில்லுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அனு அந்தச் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில போயிருவா. எம்புள்ள கொலுசு வேண்டாம்னு அழுத ஒரே பொண்ணுங்க.

எதுக்குன்னா, எதுக்கும்தான். கொழம்புல உப்பு எச்சு. பக்கத்தூட்டுக்காரன் வணக்கம் சொன்னான். கரண்டு போச்சு. கரண்டு போனதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? எடது கைங்கறதால எனக்கு எப்பவுமே வலது கன்னந்தான். வலை வலையா அச்சு உழுகும். முதல்ல செவப்பு, பொறகு ஊதா, பொறகு மஞ்சள். சாயப்பட்டறையில கலரு மாறுமே, அப்படி. வெறும் பவுடரு போட்டா மறையாதுங்க. வளையத்துக்குள்ள போயி உக்காந்துட்டு இன்னும் எச்சாக் காட்டிக் குடுக்கும். கடவாப்பல்லு ஒண்ணு அப்படியே சோத்துத் தட்டுல உழுந்துச்சு. அத ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு மிச்சத்தத் தின்னேனுங்க. திங்காட்டி அதுக்கு ஒரு அடி.

வலது கைக்குச் சடை. துணிய உருளையில சுத்தறாப்பல மணிக்கட்டுல ஒரு சுத்து, இன்னொரு சுத்து. அப்பறம் எங்க இழுத்தாலும் போகோணும். சமையக்கட்டுலருந்து வாசப்படி வரைக்கும் இழுத்துட்டுப் போன அன்னிக்குத்தான் அந்த உச்சித் தோலு வந்துச்சு. அனு கவுனெல்லாம் ரத்தம். அத அலசி அலசிப் பாத்தேன், போகல. எத்தனையோ சாயத்தப் போக்கியிருக்கறேன், அது போகலீங்க.

நிறுத்தாதீங்கக்கா, வெட்டிட்டே கேளுங்க. அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை. மத்தியானம். கறிக்கொழம்பு கொதிக்குது. அன்னிக்கு உறை மாட்டல. சடைய ஜன்னல் கம்பியில சேத்து முடிச்சுப் போட்டாரு. முடிச்சு மேல முடிச்சு. நான் குதிகால எக்கி நிக்கறேன், எறங்குனா தலை பிய்யுது. புள்ளையத் தூக்கி வாசல்ல உட்டுட்டு, சரக்கு வாங்கியாந்து மிச்சத்தப் பாத்துக்கறேன்னுட்டுப் போனாரு.

பிசிறு வெட்டறதுக்குக் கொஞ்சம் பீசு ஊட்டுக்கு எடுத்துட்டு வந்திருந்தேனுங்க. அதனால டிரிம்மரு கழுத்துல தொங்கிட்டிருந்துச்சு. நூலு வெட்டற குட்டிக் கத்திரி, செக்கிங் பொண்ணுங்க எல்லாம் கயித்துல கட்டிப் போட்டிருப்போமில்ல, அது. அதுல சடை ஒரேயடியா அறுபடுமுங்களா? பிசிறு நறுக்கறாப்பல கொஞ்சங் கொஞ்சமா, கோணல் மாணலா. கடேசி முடி அறுந்ததும் தொப்புன்னு உழுந்தேன். சடை கம்பியில, நான் கீழ.

ஓடியிருக்கலாமுங்க. ஓடல. கதவுக்குப் பொறகால நின்னேன். வந்தாரு. எடது கைய கதவு நெலையில ஊனிட்டு செருப்பக் கழட்டறாரு. உசுரெல்லாம் ஒண்ணாக் கூட்டிக் கதவ அடிச்சேன். முருங்கைக்கா ஒடியற சத்தமுங்க. கதவு சாத்தல, கை நடுவுல இருக்குதே. தொறந்தேன், மறுபடியும் அடிச்சேன். அவரு அலறறது எங்கயோ பக்கத்தூட்டு டிவியில கேக்கறாப்பல இருந்துச்சு. கொழம்புச் சட்டியத் தூக்கிட்டேன் மூஞ்சில ஊத்தறதுக்கு. அனு பாத்துட்டே நின்னா. சட்டிய எறக்கி வெச்சு, அடுப்ப அணைச்சுட்டு, புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன். அடுப்ப எதுக்கு அணைச்சேன்னு இன்னி வரைக்கும் தெரியலீங்க!

கேஸா? பொண்டாட்டி வெரல ஒடிச்சுட்டான்னு எந்த ஆம்பளை போயிச் சொல்லுவானுங்க? சொல்லல. ஆனா நான் செலக்ட் ஆன சேதி கேட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாருங்க. எல்லாரும் பாக்க பளார்னு ஒண்ணு. திருப்பி அடிடி, அடிச்சுத்தான் பாரு, ஒரே ஒரு கேஸு, உன்ற காக்கிச் சட்டை கிழிஞ்சுரும்னாரு. ரத்தத்த முழுங்கிட்டு நின்னேன். பந்து எறிஞ்ச கைங்க இது, எப்படித் துடிச்சிருக்கும்! அனுவுக்கு இருக்கறது இந்த வேலை ஒண்ணுதான். கைய முந்தானையில சுத்திட்டு பஸ் ஏறிட்டேன்.

ஏனுங்கக்கா, அந்தச் சவுரியவே பாத்துட்டு வெட்டறீங்க? காத வெட்டிறாதீங்க.

எங்க கம்பெனி சண்முகப்பிரியாவுக்குப் போன முகூர்த்தத்துல பல்லடத்துல கல்யாணம். நீங்கதான் சடை வெச்சு உட்டீங்களாமா. மேடையில போட்டோவுக்கு நிக்கறப்ப அவ முதுகுல கைய வெச்சேனுங்க. செம்பட்டைக் கோடு. என்ற கல்யாணத்துக்கு முந்தி நான் சாயப்பட்டறையில இருந்தப்ப பெராக்சைடு தெறிச்சு உழுந்த கோடு அது. நான் எண்ணெய் வெச்சு வளத்த முடி எனக்குத் தெரியாதுங்களா? சவுரியக் கட்டியிருக்கற நூலப் பிரிச்சுப் பாத்தீங்கன்னா உள்ள கோணல் மாணலாத்தான் இருக்கும். உங்களுக்குக் குடுக்கறப்ப அவரு என்னன்னு சொல்லிக் குடுத்தாருங்க? விலைக்கு வாங்குனதுன்னா?

முடி எனக்கு வேண்டாமுங்க, நீங்களே வெச்சுக்கோங்க. வர்ற வழியில எத்தனையோ பார்லரு இருக்குது. உங்க மூஞ்சிய ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னுதான் இங்க வந்தேன். உள்ள வந்ததும் பாத்துட்டேன். அது பல்லு வலி இல்லீங்கக்கா. வலது கன்னம். பவுடரு பத்தல.

பேருங்களா? நான் சொல்றதில்லைன்னு சொன்னனில்லங்க. உங்க கடை போர்டுல பெருசா எழுதியிருக்குதே, அதானுங்க. அந்த எடது கை சுண்டு வெரலு இன்னும் மடங்கறதில்லீங்களா?

அழுவாதீங்க. வெளிய வண்டி வந்து நிக்குது, கேக்குதுங்களா? அந்த சைலன்சர் சத்தம் எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். எங்கைய நாளைக்குக் காலைல வரைக்கும் கட்டிப் போட்டிருக்கறேன். இந்தத் துணியப் போத்திட்டு சேர்லயேதான் உக்காந்திருப்பேன், எந்திரிக்க மாட்டேன். ஆனா கண்ணு தொறந்திருக்கும். எனக்கு அன்னிக்கு சாட்சி சொல்ல எம்புள்ளையத் தவிர ஆளில்லீங்க. உங்களுக்கு நான் இருக்கறேன்.

கத்திரியக் கீழ வெக்காதீங்கக்கா. இந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்குது.