விளக்குக் கண்ணாடியில் வைத்த பொட்டு

என் பெயர் ஏஞ்சல், வயது 43, தகப்பனார் பெயர் அந்தோணி. கும்மிடிப்பூண்டியை அடுத்த பெத்திக்குப்பத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். சிப்காட்டில் இரும்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டராக இருக்கிறேன். இன்று காவல் நிலையத்தில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

உதிரிபாகங்களில் எண்ணெய்ப் பசை போவதற்குக் குளோரின் கலந்த கரைப்பானால் கழுவுவார்கள். அந்தக் கழிவுநீரில் கோபால்ட் சேர்ந்த மருந்தைக் கலந்து, தொட்டியின் ஜன்னல் கண்ணாடி வழியாக நீல வெளிச்சம் அடித்தால், மருந்து கரைப்பானிலிருந்து குளோரினைப் பிரித்துவிடும். வெளிச்சம் படாவிட்டால் மருந்து சும்மா கிடக்கும். நான் ஓட்டும் இந்த மிஷின் பின்பக்கம் தனி அறையில் இருக்கிறது. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று ஒருவரும் உள்ளே வருவதில்லை. காலையில் கதவைச் சாத்தினால் சாயங்காலம்வரை எனக்குப் பேச ஆள் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கிளீனிங் வேலை பார்க்கும் லோகு கதவைத் தட்டி, "இன்னாக்கா, துன்னியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஆயுத பூஜை அன்று பெரிய ஷெட்டில் எல்லா மிஷினுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். துடைப்பத்துக்குக்கூட வைத்தார்கள். என் அறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனாலும் என் மிஷின் மட்டும் மொட்டையாக நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. சந்தனத் தட்டோடு போன லோகுவை நான்தான் கூப்பிட்டு, "என் மிஷினு இன்னா பாவம் பண்ணுச்சு, அதுக்கும் வெச்சிட்டுப் போப்பா" என்றேன். துடைப்பதற்காக ஜன்னல் கண்ணாடிமேல் இருக்கும் நீல விளக்கைக் கழற்றி வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஜன்னல் கண்ணாடி முழுவதும் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தார். அதன் பிறகு பொரி கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினார். அந்த அறையில் எனக்குத் துணையாக ஒருவர் உட்கார்ந்தது அன்றுதான்.

லீவு முடிந்து வந்தபோது கண்ணாடியில் இருந்த சந்தனத்தைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. மெல்லிசாகத்தான் இருக்கிறது, வெளிச்சம் போகும் என்று நினைத்து, மேலேயே விளக்கை மாட்டி ஓட்டினேன். அதன் பிறகு, சுத்தமான தண்ணீர் போய்ச் சேரும் கீழ்த்தொட்டிக்கு அதை விட்டேன்.

மறுநாள் லோகு வண்டல் வாரக் கீழ்த்தொட்டியில் இறங்கியிருக்கிறார். என் தண்ணீர் சுத்தமென்று நம்பி எப்போதும் அப்படித்தான் இறங்குவார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் கதவு தட்டப்படவில்லை. நான் தேடிப் போனபோது தொட்டியிலிருந்து, பிரியாமல் அப்படியே வந்துவிட்ட கரைப்பானின், ஆளை மயக்கும் தித்திப்பு வாடை வந்தது. அவர் குப்புறக் கிடந்தார். நான் கத்தியதில் ஆட்கள் வந்து, கயிறு கட்டித் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

லோகு அனுமதியில்லாமல் அறைக்குள் புகுந்து மிஷினைக் கெடுத்தார் என்று கம்பெனி கொடுத்திருக்கும் புகார் பொய். மேனேஜர் குப்புராஜ் என்னிடம், "நீ கம்முனு இருந்தா உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. லோகுவின் மனைவி திலகவதி ஆஸ்பத்திரி வராந்தாவில், "அந்த ரூமுக்கு இந்த மனுசன் இன்னாத்துக்குப் போனாரு?" என்று கேட்டார். அதற்குப் பதிலை இங்கே சொல்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடி உண்மையாகவே இருக்கிறது. முதலில் "லோகு உள்ளே வந்தார்" என்றிருந்த ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொல்லி, "லோகுவை நான்தான் கூப்பிட்டு" என்று மாற்றி எழுதிய பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) அ. ஏஞ்சல்