புள்ளைத்தூக்கி மேடு

நம்ம பூட்டனுக்கும் பூட்டன் காலம். இந்தக் காட்டுக்கு வேலி கெடையாது, கேட்டு கெடையாது. நொச்சியாத்தங்கரையில காரைப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு மசணின்னு ஒருத்தி வாக்கப்பட்டு வந்தாளாம். கைப்புள்ளக்காரி. அதிகம் பேச மாட்டாளாம்.

நொச்சியாறு சின்ன ஆறுதான். கூர்மலைச் சோலையில கசிவாப் பொறந்து அருவியா விழும். விழுந்தது நேரா ஊருக்கு வராது. நடுவுல ஒரு கரடு, பாறைக்குன்னு, மறிச்சுக்கிட்டு நிக்குது. அதைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சுதான் ஊர்த்துறைக்கு வரும். துறையில நின்னா கூர்மலை தெரியாது. கரடு மறைச்சிரும்.

ஒரு கோடையில ஆறு வத்திப் போச்சாம். குட்டையில மீன் துள்ளுது. ஊரே கூடையும் மீன்பறியுமா ஆத்துக்குள்ள எறங்கிருச்சு. கைப்புள்ளைங்களை மணல்ல நெழல் பாத்துப் படுக்கப் போட்டாங்க. மசணி தன் புள்ளைய மாமியார்கிட்ட விட்டுட்டு, கெழங்கு தோண்ட மேல போனாளாம்.

போனவ அருவிகிட்ட நிமுந்து பாத்தா, கூர்மலை உச்சி கருத்துக் கெடக்கு. மழை ஊத்துது. பாத்துக்கிட்டு இருக்கும்போதே தண்ணி செவந்து, மரத்தைப் பொரட்டிக்கிட்டு எறங்குது. ஆறு கரட்டைச் சுத்தித்தானே போகணும், நான் கரட்டு மேலயே ஏறி எறங்கினா முந்திரலாம்னு நெனச்சா. ஓடினா. ஓடினா, ஓடினா, கரட்டுக் கணவாய்க்கு வந்தா, அங்க குட்டியோட ஒரு யானை நிக்குதாம்.

"தாயே, நீயும் புள்ளக்காரி, நானும் புள்ளக்காரி. வழிய விடு."

யானை காதை விரிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே நின்னுச்சு. இவ பக்கத்து முள்ளுக்குள்ள பூந்துட்டா. சேலை கிழிஞ்சுது, தோலும் கிழிஞ்சுது. உருண்டு பொரண்டு துறைக்கு வந்து சேந்தா.

"தண்ணி வருது, மேல ஏறுங்க"ன்னா.

ஊர் மூப்பன் பேதன் வானத்தைப் பாத்தான். "வெயில் மண்டையப் பொளக்குது. எங்க இருந்து புள்ள தண்ணி வரும்?"

சனம் சிரிச்சுது. புருசங்காரன் சடையன், "எதையோ பாத்துப் பயந்துட்டா, விடுங்க"ன்னான்.

மசணி மூப்பனோட பேரப்புள்ளைய மணல்ல இருந்து வாரித் தூக்கினா. துறைக்கு மேல இருந்த மேட்டைப் பாத்து ஓட்டம் புடிச்சா.

புத்தி பெரண்டவ கையில மூப்பன் வூட்டுப் புள்ள. மூப்பன் ஓடறான், மூப்பன் மக ஓடறா, ஊரே பின்னால ஓடுது. அடுத்து நம்ம புள்ளையத் தூக்குவாளோன்னு ஆத்தாக்காரிங்க அவங்கவங்க புள்ளைய இடுப்புல இடுக்கிக்கிட்டு ஓடறாங்க. மசணியோட புள்ளையத் தூக்கிக்கிட்டு மாமியாக்காரி கடைசியா மூச்சு வாங்க ஏறினாளாம்.

மேட்டு மேல மூப்பன் எட்டி அவ கொண்டையப் புடிச்சான். அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்னு போச்சு. கீழ எரைச்சல். திரும்பிப் பாத்தா, சனம் நின்ன மணலக் காணோம். கூடையக் காணோம். கரைக்குக் கரை செந்தண்ணி.

மசணி உக்காந்து தன் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. மூப்பன் பக்கத்துல வந்து குந்தினான்.

"உன் புள்ளையும் அங்கதானே இருந்துது. அதை விட்டுட்டு எம் பேரனத் தூக்கினியே, ஏம்மா?"

"எம் புள்ளையத் தூக்கியிருந்தா எம் புருசன் மட்டுந்தான் மாமா வந்திருப்பாரு."

அன்னையில இருந்து அது புள்ளைத்தூக்கி மேடு. அவ வந்த கணவாய், மசணிக் குறுக்கு. இப்ப இந்தக் காடு சரணாலயம், ஊரும் காட்டை விட்டுக் கீழ வந்திருச்சு. வருசத்துக்கு ஒருக்கா சாமி கும்பிட உள்ள விடுவாங்க. துறையில கால் வைக்கும் முன்னால, மசணி வம்சத்துப் பொண்ணு ஒருத்தி மூப்பன் வூட்டுக் கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடணும். சனம் மொத்தமும் பின்னாலயே ஓடணும். காவலுக்கு வர்ற பாரஸ்ட் வாட்சரும் தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுவாரு.